ஈரக் கைகளுக்கு ஒரு திரை

கல்யாணப் பத்திரிகையில் மாமன் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனால் சமாளித்துக்கொள்ளலாம். தேதியும் கிழமையும் ஒன்றோடொன்று ஒத்துவராமல் போனால் சமாளிக்க முடியாது. அச்சாகி வந்த அத்தனை பத்திரிகையும் கட்டோடு வீண். 2007-ல் வத்தலக்குண்டில் ஒரு டி.டி.பி. கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது முதலாளி அண்ணன் முதலில் சொல்லித் தந்தது கீபோர்டு இல்லை, இதைத்தான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழி பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். பகல் முழுக்கக் கடை. பேஜ்மேக்கரில் பத்திரிகை, போட்டோஷாப்பில் கண்ணீர் அஞ்சலி, கோரல்டிராவில் ஃப்ளெக்ஸ். வானவில், ஸ்ரீலிபி, பாமினி என்று எழுத்துருவுக்கு ஒரு கீபோர்டு; விரல்கள் எல்லாவற்றுக்கும் பழகிவிட்டன.

அடித்து முடித்ததும் புரூஃப் எடுத்துக் கல்யாண வீட்டார் கையில் கொடுப்போம். அவர்கள் படிப்பதைப் பார்ப்பது எனக்குப் பிடித்துப்போனது. கை வேறு வேலையில் இருந்தாலும் கண் அங்கேதான் இருக்கும். முதலில் அவர்கள் தேடுவது பெரியப்பா பெயர் சித்தப்பா பெயருக்கு மேலே இருக்கிறதா என்று. அடுத்து குலதெய்வம். அப்புறம், இறந்துபோனவர் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ போட்டிருக்கிறோமா என்று. முகூர்த்த நாளை யாரும் படிப்பதே இல்லை. பார்வை அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். மாதக்கணக்காக மனப்பாடமாகிவிட்ட நாளை எதற்குப் படிக்க வேண்டும்? யாரும் பார்க்காத அந்த ஒரு வரியில்தான் பணத்தைக் காவு வாங்குகிற பிழை உட்கார்ந்திருக்கும்.

‘நல்லாப் படிச்சுப் பாருங்க’ என்று எத்தனை தடவை சொன்னாலும் பலனில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஒருநாள் மதியம் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் ஒரு தாள் வடிவமைத்தேன். உச்சியில் பெரிதாக நான்கு கட்டங்கள்: ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, முகூர்த்த நேரம். புரூஃபைக் கொடுப்பதற்கு முன்பே இந்தத் தாளைக் கொடுத்து, வீட்டுப் பெரியவரையே தன் கையால் நிரப்பச் சொல்வோம். படிக்கச் சொன்னால் தாண்டிப் போகிறவர்கள், எழுதச் சொன்னால் நின்றார்கள். பேனாவைப் பிடித்தபடி சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் புரட்டினார்கள். பக்கத்தில் இருக்கிறவரிடம் ‘பதினாலா, பதினஞ்சா?’ என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் எனக்கு வேண்டியிருந்தது. அண்ணன் அந்தத் தாளை நூறு நூறாக பேடு போட்டு வைத்துக்கொண்டார்.

அதை டிசைன் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. என் சம்பளம் தட்டச்சுக்கு. அந்தத் தாள் யாரும் கேட்காமல் நானாகச் செய்தது. பிற்பாடு நான் கற்றுக்கொண்ட எல்லாவற்றுக்கும் அடி அதிலேயே இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

2011-ல் சென்னைக்கு வந்தேன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை; துரைப்பாக்கத்தில் விடுதி. மற்றவர்கள் செய்த திரைகளைத் திறந்து, ஒவ்வொரு பட்டனாக அழுத்தி, எங்கே உடைகிறது என்று எழுதிவைப்பதுதான் நாள் முழுக்க. அப்போது தமிழில் வந்த திரைகளை நான் பார்த்த மாதிரி அங்கே வேறு யாராலும் பார்க்க முடியவில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். மேலே புள்ளியும் சுழியும் இருக்கின்றன, கீழே ‘மு’வும் ‘ழு’வும் வாலை இறக்குகின்றன. ஆங்கிலத்தை மனதில் வைத்து வரி உயரம் வைத்தால் மேல்பாகம் வெட்டுப்படும். சுழி வெட்டுப்பட்டால் ‘வீடு’ ‘விடு’ என்று தெரியும். புள்ளி போனால் ‘கல்’ வெறும் ‘கல’ ஆகிவிடும். இதை நான் பிழையாகப் பதிவு செய்தால், ‘தோற்றம் சார்ந்தது, முன்னுரிமை குறைவு’ என்ற வகையில் போய்ச் சேரும். படிக்கவே முடியாமல் போவது தோற்றம் சார்ந்ததா? டி.டி.பி. கடையில் வரிக்கும் வரிக்கும் நடுவே எத்தனை பாயின்ட் விட வேண்டும் என்று கண்ணாலேயே அளந்தவள் நான். அந்த அறிவை வைத்துக்கொண்டு வெறுமனே குறை எழுதிக்கொண்டிருப்பது நெஞ்சை அடைத்தது. சரிசெய்கிற நாற்காலியில் உட்கார வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகங்களைக் கிளறுவேன். அங்கே கிடைத்தது டொனால்ட் நார்மன் எழுதிய ‘த டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்’. 1988-ல் வேறு தலைப்பில் வந்து, பிறகு இந்தப் பெயருக்கு மாறிய புத்தகம். என் ஆங்கிலத்துக்கு அது மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆனால், ஆள் தப்பு செய்தால் பொருளைச் சந்தேகப்படு என்று அவர் வாதாடுகிற இடம் வந்ததும் பத்திரிகைத் தாள் நினைவுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். நாலு அடுப்புக்கு நாலு குமிழை ஒரே வரிசையில் வைத்தால் எது எதற்கு என்று தெரியாது என்று படம் போட்டு விளக்குகிறார். அடுப்புக்குப் போவானேன், எங்கள் விடுதி அறையின் சுவிட்ச் போர்டே போதும். புதிதாக வருகிற ஒவ்வொருத்தியும் ஃபேனைப் போட நினைத்து விளக்கை அணைப்பாள். சுவிட்சுக்குப் பக்கத்தில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

பம்பாய் ஐ.ஐ.டி.யின் டிசைன் பள்ளியும் மற்ற நிறுவனங்களும் சேர்ந்து ‘டி-சோர்ஸ்’ என்று ஒரு தளத்தில் பாடங்களை இலவசமாக வைத்திருந்தார்கள். மண்பானை செய்கிறவர், கூடை முடைகிறவர் என்று கைத்தொழில்களைப் படம் படமாகப் பதிவு செய்திருந்ததை இரவெல்லாம் பார்ப்பேன். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். இரண்டையும் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பயிற்சிகளில் கற்றுக்கொண்டேன். கருவிதான் சிக்கல். அன்றைக்குத் திரை வடிவமைப்பவர்கள் கொண்டாடிய ‘ஸ்கெட்ச்’ மேக் கணினியில் மட்டும்தான் ஓடும். மேக் வாங்கும் சம்பளம் எனக்கு இல்லை. எனக்குக் கைவந்த கோரல்டிராவில் போன் திரையை வரைந்தேன். ஃப்ளெக்ஸ் வரைகிற இடத்தில் போன் திரையா என்று அறைத்தோழி ஆச்சரியப்பட்டாள். பட்டனை வரையவும் நகர்த்தவும் அளக்கவும் அது தாராளமாகப் போதும். 2016-ல் ‘ஃபிக்மா’ பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. பிரவுசரிலேயே ஓடியது, காசில்லாமல் தொடங்க முடிந்தது. என் பழைய விண்டோஸ் மடிக்கணினியில் அது திறந்த இரவை இன்னும் நன்றியோடு நினைக்கிறேன். ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த எத்தனையோ பேருக்கு இந்தத் தொழிலின் கதவை அகலமாகத் திறந்தது, விலை உயர்ந்த கணினி வேண்டாம் என்ற அந்த ஒரு வசதிதான்.

இதெல்லாம் தயாரிப்புதான். என்னை டிசைனர் ஆக்கியது நிலக்கோட்டை பூ மார்க்கெட்.

என் தாய்மாமா அங்கே கமிஷன் கடை வைத்திருக்கிறார். ஊருக்குப் போகும்போது பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து விடியுமுன் கொடைரோட்டில் இறங்கி, நேரே மாமா கடைக்குத்தான் போவேன். அங்கிருந்து மாமாவின் வண்டியில் வீட்டுக்கு. ஒருமுறை கடை மேசை இழுப்பறையில் ஒரு டேப்லட் தூசி படிந்து கிடப்பதைப் பார்த்தேன். பில் போடும் மென்பொருள் ஒன்றைப் பணம் கட்டி வாங்கியிருந்தார் மாமா. இரண்டு வாரத்தில் உள்ளே போய்விட்டது. கணக்குப்பிள்ளை அண்ணன் பழையபடி கார்பன் வைத்த சிட்டையில் எழுதிக்கொண்டிருந்தார்.

“ஏண்ணே, அதுல போட மாட்டீங்களா?” என்றேன்.

“அது வெல கேக்குது பாப்பா. வெல இன்னும் பொறக்கவே இல்லையே, நான் எங்கிட்டுப் போக?”

அந்த ஒரு பதிலில் முழுப் படிப்பும் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள மறுநாளும் அதற்கடுத்த வரவுகளிலும் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். பூ மார்க்கெட்டில் எடை முதலில், விலை பிறகு. இருட்டு விலகுமுன் பறித்த மொட்டு ஈரச் சாக்கில் வருகிறது. எடை போட்டு வாங்கிவைக்க வேண்டும். வெளியூர் வியாபாரிகள் வந்து, அன்றைய வரத்தையும் முகூர்த்தத்தையும் பார்த்துப் பேசிய பிறகுதான் விலை நிற்கும். அந்த விலையும் காலைக்குள்ளேயே ஏறி இறங்கும். மளிகைக் கடைக்காகச் செய்த மென்பொருளோ விலைக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த வரிக்கே விடாது. கணக்கு அண்ணன் கொஞ்ச நாள் விலைக் கட்டத்தில் ‘1’ என்று போட்டு ஒப்பேற்றியிருக்கிறார். சாயங்காலம் ஒவ்வொன்றாகத் திருத்துவதற்கு, முதலிலேயே கையால் எழுதிவிடலாம் என்று விட்டுவிட்டார். எல்லோரும் அவருக்கு கம்ப்யூட்டர் வராது என்றார்கள். நாற்பது வருடக் கணக்கை மனதில் வைத்திருக்கிற மனிதருக்கு!

அறைத்தோழி ஆண்ட்ராய்டு புரோகிராமர். அவளிடம் சொன்னேன்: நான் வரைகிறேன், நீ எழுது. அலுவலகம் முடிந்த இரவுகளும் சனி ஞாயிறும் எங்களுடையவை. யாரும் காசு தரவில்லை, யாரும் கெடுவும் வைக்கவில்லை. கெடு இல்லாததால்தான் ஒரு விஷயத்தை அடிவரை பார்க்க முடிந்தது.

முதல் முடிவு, எடையையும் விலையையும் இரண்டு வேலைகளாகப் பிரிப்பது. காலையில் திறந்தால் ‘எடை’ மட்டும்: யார், என்ன பூ, எத்தனை கிலோ. விலை நின்ற பிறகு ‘விலை’யைத் திறந்து மல்லிக்கு ஒரு எண் போட்டால், அந்த நேரத்து மல்லிச் சிட்டைகள் அத்தனைக்கும் தொகை விழுந்துவிடும். யார் என்பதிலும் வேலை இருந்தது. பழைய மென்பொருள் போன் நம்பரைக் கேட்டது. கணக்கு அண்ணனுக்கு ஆட்கள் ஊரோடுதான் நினைவில் இருக்கிறார்கள்: சிலுக்குவார்பட்டி முருகன், மட்டப்பாறை முருகன், அணைப்பட்டி முருகன். ஊரை முதலில் தொட்டு, அதற்குள் பெயரைத் தொடுகிற மாதிரி வைத்தோம்.

பூக்களுக்குப் படம் போடலாம் என்று தோழி சொன்னாள். திரையில் நகத்தளவு படத்தில் மல்லியும் முல்லையும் பிச்சியும் ஒன்றே. மூன்றும் வெள்ளை மொட்டு. பக்கத்தில் காக்கரட்டான் வேறு. எழுத்துதான் சரி. பெரிய எழுத்தில் பெயர், அந்தந்தப் பருவத்தில் அதிகம் வருகிற பூ மேலே.

எடைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தராசைப் பார்க்கிறவர் ‘இரண்டு புள்ளி ஏழு ஐந்து பூஜ்யம்’ என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். ‘ரெண்டே முக்கா’ என்பார். ‘மூணே கால்’, ‘ஒண்ணரை’. காதில் கால், அரை, முக்கால் என்று விழுவதை அண்ணன் மனதுக்குள் 250, 500, 750 ஆக மாற்றி எழுத வேண்டும். அந்த மாற்றத்தை எதற்கு மனிதன் செய்ய வேண்டும்? முந்திரி, மாகாணி, அரைக்கால் என்று பின்னத்துக்கெல்லாம் பெயர் வைத்து, ஒன்றை முந்நூற்றிருபதாகப் பிரித்துக் கணக்குப் போட்ட மொழி நம்முடையது. எண் பலகையின் வலது ஓரத்தில் ‘கால்’, ‘அரை’, ‘முக்கால்’ என்று மூன்று சாவிகள் வைத்தோம். ‘2’, ‘முக்கால்’. இரண்டே தொடல். அதை முதல்முறை அழுத்தியபோது அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி திரையைப் பார்த்து, “இது நம்ம பேச்சுல இருக்கு” என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ பாராட்டு வந்திருக்கிறது. எனக்கு அதுதான் பட்டயம்.

அடுத்தது தண்ணீர். பூ வாடாமலிருக்க அடிக்கடி தண்ணீர் தெளிப்பார்கள். சாக்கு ஈரம், மேசை ஈரம், விரல் ஈரம். போன் திரை, விரல் படுகிற இடத்தில் மின்னேற்றம் மாறுவதை வைத்துத்தான் தொடுதலை அறிகிறது. தண்ணீரும் அந்த மாற்றத்தை உண்டாக்கும். ஒரு சொட்டு விழுந்தால் யாரோ தொட்டதாக நினைத்துக்கொள்ளும்; ஈரம் வழிந்தால் விரலை இழுத்ததாக எடுத்துக்கொள்ளும். துண்டால் துடைத்துத் துடைத்து அண்ணன் அலுத்துப்போனதும் பழைய டேப்லட் மூலைக்குப் போனதற்கு ஒரு காரணம். தொடவேண்டிய இடத்துக்குக் குறைந்தது 48 டிபி என்கிறது கூகுளின் வழிகாட்டி. கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். மேசையில் உட்கார்ந்து உலர்ந்த விரலால் தொடுகிறவருக்கு அது போதும். இலக்கு பெரிதாகவும் அருகிலும் இருந்தால் கை விரைவாகப் போய்ச் சேரும் என்பதை பால் ஃபிட்ஸ் 1954-லேயே சூத்திரமாக எழுதிவிட்டார். மார்க்கெட்டுக்கு அதோடு இன்னொன்றும் வேண்டியிருந்தது: சாவிக்கும் சாவிக்கும் நடுவே வெற்றிடம். சொட்டு விழுந்தால் அந்த இடைவெளியில் விழட்டும் என்று விட்டோம். எண் பலகை திரையில் பாதியைப் பிடித்துக்கொண்டது. விரலால் இழுக்கிற சைகை எதையும் வைக்கவில்லை. ‘நிச்சயமா?’ என்று நடுவில் வந்து கேட்கிற பெட்டியும் கிடையாது. வரிசையில் சாக்கோடு நிற்கிறவருக்கு முன்னால் அதற்கு நேரமில்லை. கடைசியாகப் போட்ட சிட்டை மேலேயே நிற்கும், பக்கத்தில் ‘திருத்து’. அவ்வளவுதான்.

சிட்டையைத் தாளில் கொடுக்க வேண்டுமா, போனிலேயே அனுப்பிவிடலாமா என்று தோழிக்கும் எனக்கும் பெரிய விவாதம் நடந்தது. விடை தேட ஒரு சிட்டையின் பின்னாலேயே போனேன். பூ கொண்டுவருகிறவர் பல நேரம் பூவின் சொந்தக்காரர் இல்லை. ஊருக்கு ஒரு வண்டி எல்லார் வீட்டுப் பையையும் ஏற்றிக்கொண்டு வரும். ஓட்டுநர் சிட்டைகளை வாங்கிக்கொண்டு திரும்புவார். நான் போன வீட்டில் சிட்டையை வாங்கியது ஒரு பெரியம்மா. தொகையைப் பார்க்கவில்லை. கிலோவைப் பார்த்தார். வீட்டுத் தராசில் நிறுத்து மனதில் வைத்திருந்த கணக்கோடு அது ஒத்துப்போகிறதா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பிறகு, கூடப் பறித்த பெண்களுக்கு அந்த எடையை வைத்துக் கூலியைப் பிரித்தார். சிட்டை என்பது கடைக்கும் விவசாயிக்கும் நடுவே மட்டும் இருக்கிற காகிதம் என்று நினைத்திருந்த எனக்கு, அந்தத் திண்ணையில் அது வேறு ஒன்றாகத் தெரிந்தது. கூலிக்கு நிற்கிற பெண் படித்துப் பார்க்கக்கூடிய ஒரே சாட்சி அது. திரும்பி வந்ததும் எடையைத்தான் பெரிய எழுத்துக்கு மாற்றினேன். தாள் இருக்கட்டும் என்று முடிவானது.

தாள் என்றால் பிரின்டர். கைக்குள் அடங்குகிற 58 மில்லிமீட்டர் தெர்மல் பிரின்டர்களில் தமிழ் எழுத்தே கிடையாது. எழுத்தாக அனுப்பினால் குப்பை வரும். சிட்டை முழுவதையும் ஒரு படமாக்கி அனுப்ப வேண்டும். குறுக்கே மொத்தம் 384 புள்ளிகள்; அதற்குள் பெயர், பூ, எடை எல்லாம். இங்கே என் டி.டி.பி. வருடங்கள் கைகொடுத்தன. தடித்த எழுத்துருவில் ‘ணை’யின் சுழி அடைத்துக்கொள்ளும், மெல்லிய எழுத்துரு சூட்டில் அச்சாகும்போது உடைந்துபோகும். நோட்டோ சான்ஸ் தமிழை வெவ்வேறு கனத்தில் அச்சடித்துப் பார்த்து, சுழி திறந்திருக்கிற அளவைக் கண்டுபிடித்தேன். வத்தலக்குண்டில் ஜெராக்ஸ் மங்கலாகும் என்று தெரிந்து நோட்டீஸுக்கு எழுத்துரு தேர்ந்தெடுத்த அதே கண்தான்.

தெர்மல் தாளுக்கு ஒரு கெட்ட குணம். வெயிலும் வியர்வையும் பட்டால் எழுத்து போய்விடும். வாரக் கணக்கு முடிக்கும்வரை சட்டைப் பையில் கிடக்கிற சிட்டைக்கு இது ஆகாது. எனவே விலை நின்றதும் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸும் போக வேண்டும் என்றானது. ஆங்கில எழுத்தில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழில் அனுப்பினால் 70. அந்த எழுபதிலும் புள்ளிக்கு ஓர் இடம், கொம்புக்கு ஓர் இடம். ‘மல்லிகை’ கண்ணுக்கு நாலு எழுத்து, செய்தியில் ஏழு. ‘மல்லி’ ஐந்து. எழுபதைத் தாண்டினால் இரண்டு செய்தியாகிக் காசு இரண்டு மடங்கு. ஒரு வாரம் ஒரே வரியைச் செதுக்கினேன். கடைசியில் நின்றது இது: ‘மல்லி 2.750 கி. விலை 640. தொகை 1760. கழிவு 176. மீதி 1584.’ மொத்தம் 58 இடம். தேதிக்கும் மிச்சம் இருந்தது. ‘கமிஷன்’ என்று எழுத இடமிருந்தும் ‘கழிவு’ என்று வைத்தேன். அந்த வீடுகளில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

வேலை தேடத் தொடங்கியபோது டிசைன் பட்டம் உண்டா என்பதே பல இடங்களில் முதல் கட்டமாக இருந்தது. எனக்கு இல்லை. இந்தியாவில் அந்தப் பட்டத்துக்கான கதை எங்கே தொடங்குகிறது என்று தேடிப் படித்தேன். 1958-ல் அரசின் அழைப்பில் வந்த சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி ஒரு அறிக்கை கொடுத்தார்கள். அதைத் தொடர்ந்து 1961-ல் அகமதாபாத்தில் தேசிய டிசைன் நிறுவனம் பிறந்தது. அந்த அறிக்கையில் அவர்கள் மனமுருகிப் பேசுவது செம்பைப் பற்றி. யார் கை பிடிக்கிறது, இடுப்பிலா தலையிலா, நிறைந்தால் எப்படி நிற்கும், ஊற்றினால் எப்படி விழும், உள்ளே கையை விட்டுக் கழுவ முடியுமா, விலை என்ன என்று கேள்வியாக அடுக்கிக்கொண்டே போகிறார்கள். ஒரு தனி ஆள் உட்கார்ந்து வரைந்ததில்லை அது, தலைமுறை தலைமுறையாகக் கைகள் பழகித் திருத்திய வடிவம் என்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்குள் இருந்த கூச்சம் கழன்று விழுந்தது. இந்தக் கல்வியின் முதல் பக்கத்திலேயே எங்கள் வீட்டுச் செம்பு இருக்கிறதே.

2017-ல் ஒரு நிறுவனத்தின் நேர்முகத்துக்கு, பத்திரிகைத் தாளையும் பூச் சிட்டையையும் எடுத்துக்கொண்டு போனேன். பளபளப்பான திரைகள் என்னிடம் இல்லை. எதிரே இருந்தவர் கால், அரை, முக்கால் சாவிகளில் நின்றார். எப்படித் தோன்றியது என்று கேட்டார். தோன்றவில்லை, கேட்டேன் என்றேன். பேச்சு நீண்டது. தண்ணீர்ச் சொட்டு, திண்ணைப் பெரியம்மா, எழுபது இடம் எல்லாவற்றையும் சொன்னேன். புராடக்ட் டிசைனர் என்று போட்ட கடிதம் அந்த மாதமே வந்தது. அம்மா அதைச் சாமி படத்தடியில் வைத்தார்.

இப்போது இளையவர்கள் தங்கள் வேலைகளை எனக்கு அனுப்புகிறார்கள். பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் செயலிகளை மாற்றி வரைந்து பார்த்தவை. கைப்பழக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் அந்த நிறுவனத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. வரைந்ததைப் பயன்படுத்தி ‘இது ஆகாது’ என்று சொல்லவும் யாரும் வர மாட்டார்கள். உங்கள் தெருவில் கேஸ் ஏஜென்சி இருக்கிறதா, பால் சொசைட்டி இருக்கிறதா, மகளிர் குழு நோட்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்கிறேன். அங்கே போய் உட்காருங்கள், முதல் வாரம் எதையும் வரையாதீர்கள் என்கிறேன். சிலர் போகிறார்கள். பால் சொசைட்டிக்குப் போன ஒரு பெண், அதிகாலையில் வரிசையில் நிற்கிறவர்களின் கையில் தூக்குவாளியும் அட்டையும் இருப்பதால் போனை எடுக்க மூன்றாவது கை இல்லை என்று எழுதியிருந்தாள். அவள் நன்றாக வருவாள்.

நிலக்கோட்டைச் செயலி இன்னும் ஓடுகிறது. தோழி வெளிநாட்டில் இருக்கிறாள். ஆண்ட்ராய்டு மாறும்போதெல்லாம் அங்கிருந்தே சரிசெய்து அனுப்புகிறாள். மாமா கடையைப் பார்த்து இன்னும் சில கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். போன மாதம் கணக்கு அண்ணன் கூப்பிட்டார்.

“போன வருசம் இதே முகூர்த்தத்துக்கு மல்லி என்ன வெல போச்சுன்னு காட்டுமா பாப்பா?”

போன வருடத்து இதே தேதி என்றால் ஒரு நிமிட வேலை. அவர் கேட்பது தேதி இல்லை, முகூர்த்தம். தை மாதத்து முதல் வளர்பிறை முகூர்த்தம் ஒரு வருடம் ஒரு தேதியில் வரும், அடுத்த வருடம் நகர்ந்துவிடும். விலை அந்த நாளோடுதான் நகர்கிறது. பனியில் பூ குறைகிற நேரம் அது. முந்தின நாள் விலைக்கும் முகூர்த்த நாள் விலைக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். ஆகவே ஒவ்வொரு வருட முகூர்த்தப் பட்டியலையும் பஞ்சாங்கத்திலிருந்து எடுத்து உள்ளே ஏற்ற வேண்டும். எந்த முகூர்த்தத்தை எதற்கு இணையாக வைப்பது என்பதில் அவருக்கும் மாமாவுக்குமே கருத்து வேறுபாடு இருக்கிறது; இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும். அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன். மார்கழியில் கல்யாணம் கிடையாது. கார்த்திகை முகூர்த்தங்களிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டால்தான் தைக்குக் கைகொடுக்கும்.